முப்பத்திரண்டு வயதில் ஓய்ந்த குயில்

முதலில் ஒரு சின்ன கேள்வி.

'ஹரிதாஸ்' படத்தின் கதாநாயகன் யார்? நம் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். வீட்டில் தாத்தா இருக்கிறவர்கள் மட்டும் "எம்.கே. தியாகராஜ பாகவதர்" என்பார்கள். சரி, பாகவதரை மயக்கும் தாசியாக வந்தவர்? "டி.ஆர். ராஜகுமாரி" என்று அதையும் ஒருத்தர் சொல்லிவிடுவார். அந்தப் படத்தில் பாகவதருக்கு மனைவியாக நடித்தவர் யார்? இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்வோம். நானும் மாட்டிக்கொண்டேன்.

கேட்டவர் எங்க அப்புச்சி. நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, "என்னம்மிணி, டிப்ளமா படிக்கறே, இது தெரியலையா? வசந்தகோகிலம்! அந்தக் குரலைக் கேட்டா மாடு கூட மேயறதை நிறுத்திப்போடும்" என்றார். அப்புச்சி கையெழுத்துப் போட மட்டும் கற்றவர். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆனாலும் அன்றைக்கு நான்தான் அவரிடம் பாடம் கேட்டேன்.

அப்புறம் போனில் தேடி அந்தக் குரலைக் கேட்டேன். பழைய இசைத்தட்டு, கரகரவென்ற சத்தம். அதற்கு உள்ளே இருந்து ஒரு குரல், ரொம்ப மேலே போகிறது, ஆனால் கத்தவில்லை. இவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது எங்க பெரியம்மா. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காமாட்சி, வசந்தகோகிலம் ஆனார்

என்.சி. வசந்தகோகிலம் 1919-ல் கேரளத்தில் இரிஞ்ஞாலக்குடாவில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காமாட்சி. அப்பா பெயர் சந்திரசேகர ஐயர். குடும்பம் நாகப்பட்டினத்துக்குக் குடி வந்தது. 'என்' என்பது நாகப்பட்டினம், 'சி' என்பது அப்பா. அங்கே கோபாலய்யர் என்பவரிடம் பாட்டு கற்றுக்கொண்டார். ஜால்ரா தட்டுவதில் பெயர் பெற்றவர் என்பதால் அவரை 'ஜால்ரா' கோபாலய்யர் என்றே அழைப்பார்களாம்.

1936-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1938-ல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி நடத்திய இசை விழாவில் பாடினார். அப்போது அவருக்கு 19 வயது. நம்மை விட ஒரு வயது கூட, அவ்வளவுதான்! அதற்குப் பிறகு கச்சேரி, இசைத்தட்டு என்று பெயர் வளர்ந்தது. டைகர் வரதாச்சாரியார் என்ற பெரிய வித்வான் 'மதுர கீத வாணி' என்று பட்டம் கொடுத்தார். கச்சேரி மேடையில் தெலுங்குக் கீர்த்தனைகளே அதிகம் ஒலித்த அந்தக் காலத்தில், தமிழ்ப் பாட்டுகளை விரும்பிப் பாடியவர்களில் இவரும் ஒருவர்.

சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து வைத்திருந்தார்கள். அவர் பாடுவதைக் கணவர் விரும்பவில்லை. அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. 1930-களில் ஒரு பெண் புருஷனை விட்டு வந்து மேடையில் உட்கார்ந்து பாடுவது என்றால் ஊர் என்ன பேசியிருக்கும்? நம்ம தெருவில் இன்றைக்கே என்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பாட்டை விடவில்லை.

பத்து வருஷம், ஒரு கை விரலுக்குச் சற்றே கூடுதலான படங்கள்

அந்தக் காலத்து சினிமாவில் பாடத் தெரிந்தவர்களைத்தான் நடிக்கக் கூப்பிட்டார்கள். முகத்துக்கு முன்னால் குரலைத்தான் பார்த்தார்கள். அதனால் பாகவதர்களும் பாடகிகளும் நட்சத்திரம் ஆனார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்தது இப்படித்தான். வசந்தகோகிலமும் இதே வழியில் வந்தார்.

1940-ல் 'சந்திரகுப்த சாணக்யா'. அதை இயக்கியவர் சி.கே. சச்சி. பிற்காலத்தில் வசந்தகோகிலத்துக்கு வாழ்க்கைத் துணையாக இருந்தவரும் இவரே. 1941-ல் 'வேணுகானம்'. 1942-ல் 'கங்காவதார்'. 1944-ல் 'ஹரிதாஸ்'. 1946-ல் 'வால்மீகி'. 1947-ல் 'குண்டலகேசி'. 1950-ல் 'கிருஷ்ண விஜயம்', அதில் நாரதர் வேஷம்! பெண் நாரதராக நடிப்பது அப்போது புதுசு இல்லை. நாரதர் என்றால் பாட வேண்டும், பாட்டு என்றால் வசந்தகோகிலம். டி.எம். சௌந்தரராஜன் சினிமாவுக்குப் பாடிய முதல் படமும் 'கிருஷ்ண விஜயம்'தான். ஒரு பெரிய குரல் உள்ளே வந்த அதே படத்தோடு இன்னொரு பெரிய குரல் வெளியே போனது.

இவற்றில் 'ஹரிதாஸ்' மட்டும் தனி. 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் 1945 தீபாவளியையும் 1946 தீபாவளியையும் பார்த்த படம் அது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இப்போது மூன்று வெள்ளிக்கிழமை ஓடினாலே போஸ்டர் ஒட்டுகிறோம்!

இந்தப் படத்தை எடுத்த இடம் எங்கே தெரியுமா? நம்ம கோயமுத்தூர், சிங்காநல்லூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டூடியோ. தாராபுரத்தில் பஸ் ஏறினால் பல்லடம், சூலூர் வழியாகப் போய் நிற்கிறதே, அதே சிங்காநல்லூர்தான். மில்லுக்கு இன்ப்ளான்ட் டிரெயினிங் போனபோது அந்த பஸ் ஸ்டாண்டில் எத்தனை தடவை டீ குடித்திருக்கிறேன்! பஞ்சாலைகள் நிறைந்த அந்தத் திருச்சி ரோட்டில், மில் சங்கு ஊதும் சத்தத்துக்கு நடுவே பாகவதரும் ராஜகுமாரியும் வசந்தகோகிலமும் வந்து நடித்துப் போயிருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம் 'ராஜகுமாரி'யும் அதே ஸ்டூடியோவில்தான் உருவானது. இன்றைக்கு அந்த ஸ்டூடியோ இல்லை. இப்படி ஒன்று இருந்தது என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிற நம்மில் பலருக்கும் தெரியாது.

ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பேர்

வசந்தகோகிலம் 1951 நவம்பரில் இறந்தார். வயது 32. நோய், காசநோய். எலும்புருக்கி என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள், சயரோகம் என்பதும் டி.பி. என்பதும் அதுவேதான். பாடுகிறவருக்கு மூச்சுதான் முதல். அந்த நோய் முக்கியமாகப் பிடிப்பது நுரையீரலை.

கர்நாடக இசையில் எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.கே. பட்டம்மாள், எம்.எல். வசந்தகுமாரி மூவரையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது வழக்கம். வசந்தகோகிலம் இருந்திருந்தால் நால்வர் என்று சொல்லியிருப்போம் என்பது இசை தெரிந்தவர்கள் பலரின் கருத்து. இதில் என் மனசைத் தொட்ட கணக்கு ஒன்று உண்டு. பட்டம்மாளும் பிறந்தது 1919-ல்தான். அவர் மறைந்தது 2009-ல். ஒரே வருஷத்தில் பிறந்த இருவரில் ஒருவருக்குத் தொண்ணூறு வயது, இன்னொருவருக்கு முப்பத்திரண்டு. இருவருமே பாடினார்கள், இருவரும் பாடியது ஒரே ஊரில். நடுவில் ஒரு கிருமி!

அந்தக் கிருமியின் கதை

இந்தக் கிருமியை ஜெர்மனிக்காரர் ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் மார்ச் 24 உலக காசநோய் தினம். கிருமியைக் கண்டுபிடித்தாகிவிட்டது, ஆனால் அதைக் கொல்ல மருந்து வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது.

அதுவரை வைத்தியம் என்ன? நல்ல காற்று, நல்ல சாப்பாடு, வெயில், ஓய்வு. இதற்காக ஊருக்கு வெளியே கட்டிய ஆஸ்பத்திரிகள்தான் சானடோரியங்கள். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் 1915-ல் ஒன்று வந்தது. சென்னை தாம்பரத்தில் 1928-ல் டேவிட் சௌரி முத்து என்ற டாக்டர் ஒன்றைத் தொடங்கினார். இன்றைக்கும் அந்த ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். நமக்குப் பக்கத்தில் பெருந்துறையில் ஒன்று. அங்கே ஒரு பஸ் நிறுத்தத்தையே 'சானடோரியம்' என்றுதான் சொல்கிறோம். சிலருக்கு மார்புக்குள் காற்றை ஏற்றி, கெட்டுப்போன நுரையீரலைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுப்பார்கள். நம்ம மெஷினை நிறுத்திப் பழுது பார்க்கிற மாதிரி! சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை.

1943-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில், அவரிடம் படித்த மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். ஆமாம் நண்பர்களே, அவரும் நம்மைப் போல ஒரு மாணவர்தான்! ஆனால் அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தபோது நோயாளி முதலில் தேறினார், பிறகு பலருக்கு நோய் திரும்பியது. மருந்துக்குச் சாகாத சில கிருமிகள் மிச்சம் இருந்து பெருகியதுதான் காரணம். 1948-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

டெக்ஸ்டைல் படிக்கிற நமக்கு இது சுலபமாகப் புரியும். ஒற்றை இழை நூல் ஒரு இடத்தில் மெலிந்தாலே அறுந்துபோகும். மூன்று இழை சேர்த்து முறுக்கினால், ஒன்று மெலிந்த இடத்தில் மற்ற இரண்டும் தாங்கும். மருந்தும் அப்படித்தான். ஒன்றுக்குத் தப்பிய கிருமியை இன்னொன்று கொல்ல வேண்டும். அதற்குத் துணை மருந்துகள் தேவைப்பட்டன. அதில் முக்கியமான ஒன்று ஐசோநியாசிட். விலை குறைவு, ஊசி வேண்டாம், மாத்திரையாகவே விழுங்கலாம். அது காசநோயைக் குணப்படுத்துகிறது என்று உலகுக்குத் தெரிந்தது 1952 தொடக்கத்தில்.

வசந்தகோகிலம் போனது 1951 நவம்பரில்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சில மாதங்கள்தான் இடைவெளி! அந்த மாத்திரை முன்பே வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய முடியாது. அமெரிக்காவில் வந்தது மறுநாளே சென்னைக்கு வந்துவிடாது. நோய் முற்றிய பிறகு எந்த மாத்திரையும் கஷ்டம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அப்புறம் 1956-ல் அதே சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியது. நல்ல சாப்பாடும் படுக்கையும் உள்ள சானடோரியத்தில் பாதி நோயாளிகள், நெரிசலான தங்கள் வீடுகளிலேயே பாதி நோயாளிகள். இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. ஏழை வீட்டிலேயே இந்த நோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குச் சொன்னது நம்ம சென்னை! உலகம் பூராவும் வைத்திய முறை இதனால் மாறியது.

எங்க பெரியம்மா கதை

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன விஷயம்.

எங்க பெரியம்மா ஒரு நூல் மில்லில் சைடு பார்த்தவர். நல்லாப் பாடுவார். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வேலை நேரம் முழுக்கப் பாடுவாராம். வீட்டில் அம்மாவோடு சேர்ந்தால் பாத்திரம் கழுவும்போதும் பாட்டுதான்.

நான் பத்தாவது படிக்கும்போது அவருக்கு இருமல் வந்தது. கொரோனா பயம் இன்னும் போகாத சமயம். பஸ்ஸில் இருமினாலே பக்கத்தில் இருக்கிறவர் எழுந்து போய்விடுவார். "பஞ்சுத் தூசி கண்ணு, மில்லுல இருக்கறவிங்களுக்கு இது சகஜம்" என்றார். மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்தார். ஒரு மாதம் ஆச்சு, இரண்டு மாதம் ஆச்சு. சாயந்திரம் ஆனால் லேசாகக் காய்ச்சல். ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆனது. பாட்டு நின்றுபோனது.

ஒரு நாள் துண்டில் ரத்தம் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, யார்கிட்டயும் சொல்லிப்போடாதே. அக்காளுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கறோம்" என்றார். நானும் சரி என்றேன். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அறிவியல் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினவள் நான்! காசநோய் எப்படிப் பரவும் என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதினவள். விடை எழுதத் தெரிந்தது, வீட்டில் பேசத் தெரியவில்லை.

கடைசியில் எங்க ஊருக்கு வரும் நர்ஸ் அக்காவிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் யாரிடமும் சத்தம் போடவில்லை. ஒரு சின்ன டப்பா கொடுத்துச் சளியை வாங்கிப்போனார். டி.பி.தான். அடுத்த நாளே கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துவிட்டார்கள், ஒரு பைசா செலவில்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். அதில் ஒன்று, 1952-ல் வந்த அதே ஐசோநியாசிட்.

பெரியம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன் அல்லவா? இரண்டாவது மாதம் உடம்பு தேற ஆரம்பித்ததும் நடுவிலேயே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். அப்போது அப்புச்சிதான் அதட்டினார். "அந்தக் காலத்துல சொத்து இருக்கறவனுக்கே இந்த மருந்து கெடைக்கலே. உனக்குச் சும்மா குடுக்கறான், சாப்பிடறதுக்கு என்ன நோவு?" என்று கேட்டார். ஆறு மாதமும் முடித்தார். அக்கா கல்யாணமும் நடந்தது. இப்போது பெரியம்மா திரும்பப் பாடுகிறார். மேலே போகும்போது குரல் கொஞ்சம் உடைகிறது. உடைந்தால் என்ன? பாடுகிறாரே!

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம்மில் பாதிப் பேர் நாளைக்கு நூல் மில்லிலோ பனியன் கம்பெனியிலோ வேலைக்குப் போகப் போகிறோம். அதனால் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு அடைப்பு வேறு, டி.பி. வேறு. தூசி நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மூச்சு இறுக்கம் கூடுவது அதன் அடையாளம். டி.பி. காற்றில் பரவும். ஆனால் எல்லா இருமலையும் தூசி தலையில் போட்டுவிடுகிறோம், அங்கேதான் தப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயந்திரக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

டி.பி. பரம்பரை நோய் இல்லை. பாவத்துக்கு வரும் தண்டனையும் இல்லை. தட்டு, டம்ளர், துணியால் பரவாது. ஒழுங்காக மருந்து சாப்பிட ஆரம்பித்தால் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். இந்தக் கிருமி ரொம்ப மெதுவாகப் பெருகும், ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அதனால்தான் மருந்தும் மாதக் கணக்கில். நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கே அடங்காததாக மாறலாம். பரிசோதனையும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய் ஆகியிருக்கிறது.

இவ்வளவு இருந்தும் உலகத்தில் உள்ள காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். வறுமையும் நெரிசலும் சத்துக் குறைவும் பெரிய காரணங்கள். அவற்றை நாம் ஒரு நாளில் மாற்ற முடியாது. "யார்கிட்டயும் சொல்லாதே" என்பதையாவது மாற்றலாம் அல்லவா?

முடிவாக...

பணமும் புகழும் இருந்தால் இந்த நோய் வராது என்று நினைக்காதீர்கள். டார்ஜிலிங்கில் பிறந்து, உலகமே கொண்டாடிய ஹாலிவுட் நடிகை விவியன் லீயும் 1967-ல் காசநோயால்தான் இறந்தார். அது ஆள் பார்த்து வருவதில்லை. ஆனால் ஏழை மறைக்கிறான், மறைப்பதால் சாகிறான்.

வசந்தகோகிலத்துக்கு மருந்து பிந்தி வந்தது. அது யார் குற்றமும் இல்லை. எங்க பெரியம்மாவுக்கு மருந்து வீட்டு வாசல் வரை வந்து காத்திருந்தது. பிந்தியது நாங்கள்தான். அதில் மூன்று வாரம் என் கணக்கு.

அடுத்த தடவை சிங்காநல்லூர் பஸ்ஸில் போகும்போது, அந்தக் குரலை ஒரு தடவை போனில் கேட்டுப் பாருங்கள். பக்கத்து சீட்டில் யாராவது ரொம்ப நாளாக இருமுகிற மாதிரி தெரிந்தால், எழுந்து போகாதீர்கள். "சளி டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

குயில்கள் இன்னும் கொஞ்ச காலம் பாடட்டும்!

— மூன்றாம் ஆண்டு மாணவி,
டெக்ஸ்டைல் டெக்னாலஜி